புகையானுக்கு மருந்து கேட்காமல் போவது ஏன்?

நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளில் புகையான் பெருஞ்சேதம் விளைவிக்கக் கூடியது ஆகும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களில் நெல் சாகுபடியாகிறது. ஒரு வயலில் அறுவடை நடக்கும்போதே பக்கத்து வயலில் பச்சைப் பயிர் நிற்பதுண்டு. எனவே புகையானுக்குத் தீனிப் பஞ்சம் ஏற்படுவதில்லை.

இப்பூச்சி இலை நுனியில் தங்குவதில்லை. தூரின் அடிப்பாகத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டங்கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீயில் புகைந்தது போல் காணப்படும். பால் பிடிக்கும் சமயத்தில் தாக்குதல் முற்றிவிட்டால் வெள்ளாமை கையை விட்டுப் போய்விடும்.

“சென்ற ஆண்டு நன்றாகக் கேட்ட மருந்து இந்த ஆண்டு கேட்கவில்லை; பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது” என்று விவசாயிகள் குறைப்படுவதுண்டு. மருந்தில் கலப்படம் என்று கடைக்காரரைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. சில சமயம் மருந்து தரமற்றதாகவோ, தெளித்த முறை தவறாகவோ இருக்கலாம். ஆனால் இரண்டும் சரியாக இருந்தும் மருந்து பலிக்காமல் போவதுண்டு. அதற்குக் காரணம் வயலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் வீண் செலவைப் பெருமளவு குறைக்கலாம்.

ஒன்று போல் மற்றொன்று இல்லை

ஒரே பசு ஈன்ற கன்றுகளில்கூட நிறம், உயரம், கறவை ஆகியவை ஒன்று போல் இருப்பதில்லை. ஒரே மாமரத்துக் கொட்டைகளை விதைத்தால், முளைக்கும் கன்றுகள் பெரும்பாலும் பல விதமாகக் காய்க்கும். அதனால்தான் நல்ல மாவை விரும்புவோர் கொட்டையை நம்பாமல் ஒட்டுக்கன்றை நாடுகின்றனர்.

இந்த வேற்றுமைகளில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குபவை. அவற்றைச் சுமந்து செல்பவை மரபணுக்கள். ஆணும் பெண்ணும் சேரும்போது இரு பக்கத்து மரபணுக்களும் புதிய விதத்தில் கலக்கின்றன. அன்றியும், மரபணுக்கள் தலைமுறைக்குத் தலைமுறை படியெடுக்கப்படும்போது எப்போதாவது ஒரு சிறு பிழை நேர்ந்து, முன்பு இல்லாத குணம் ஒன்று தோன்றிவிடும். அவ்வாறு தோன்றும் குணம் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம், எதுவும் இல்லாததாகவும் இருக்கலாம். தேவையை அறிந்து அது வருவதில்லை, தானாக நேர்கிறது.

மனிதன் பொறுக்கியது

தானாக வந்த வேற்றுமையிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி எடுப்பது விவசாயிகளுக்குப் புதிதன்று. நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு ஒதுக்குவதும், நல்ல கறவை மாட்டின் கன்றை விற்காமல் வளர்ப்பதும் இந்த வேலையே ஆகும்.

காஞ்சிபுரத்துத் தறிகளில் ஓடும் பட்டு நூலைத் தரும் புழு இதற்கு நல்ல உதாரணம். சீனாவில் காட்டு அந்துப்பூச்சி ஒன்றிலிருந்து இது வளர்ப்பு இனமாக்கப்பட்டது. பெரிய கூடு கட்டியவற்றையும், அலையாமல் தட்டிலேயே இருந்து தின்றவற்றையும் மனிதர் சில ஆயிரம் ஆண்டுகளாக முட்டைக்கு ஒதுக்கி வந்தனர். இன்று அதன் அந்துப்பூச்சிக்கு இறக்கை இருந்தும் பறக்க இயலாது. மனிதன் தீனி போடாவிட்டால் அந்த இனம் பிழைக்காது. எந்தப் புழுவும் பறக்க மறந்துவிடவில்லை. பறப்பது பயன்படாத இடத்தில், பறக்காதவற்றின் வாரிசுகளே பெருகின.

நெல்லில் இன்னும் அருகிலேயே உதாரணம் இருக்கிறது. கோணமணி என்ற ரகத்தில் தற்செயலாகத் தோன்றிய ஒரு மாறுபட்ட செடியிலிருந்து கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஜி.இ.பி.24 என்ற ரகத்தை உருவாக்கினர். இது 1921-ல் வெளியிடப்பட்டது. கிச்சிலிச் சம்பா என்ற பெயரில் சன்ன அரிசிக்குப் புகழ் பெற்றது இதுவே. பின்னர், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜி.இ.பி.24-ஐக் கோ.18 ரகத்துடன் ஒட்டுச் சேர்த்து டி.கே.எம்.6 உருவாக்கப்பட்டது. டி.கே.எம். என்பது திரூர்க்குப்பத்தையே குறிக்கும். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் இதில் இருந்ததால், பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதைப் பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர்.20 ரகத்தை உருவாக்கி 1969-ல் வெளியிட்டது. 1970-களில் தமிழ்நாட்டு வயல்களில் பரவலாகப் பயிரான ஐ.ஆர்.20 இதுதான். தானாகத் தோன்றிய ஒரு செடி, பார்த்துப் பொறுக்கிய கண்களால் பல நாட்டு நெல்லுக்கு மூதாதை ஆயிற்று.

இயற்கை பொறுக்குவது

விவசாயி விதை பொறுக்குவது போலவே இயற்கையும் பொறுக்குகிறது என்பதை இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் 1859-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒவ்வோர் உயிரும் பிழைக்கக் கூடியதைவிட அதிகமாகக் குட்டி போடுகிறது, முட்டையிடுகிறது, விதைக்கிறது. எல்லாம் பிழைப்பதில்லை. அந்தந்த இடத்தின் வெப்பம், வறட்சி, நோய், எதிரி ஆகியவற்றைத் தாங்கும் குணம் தற்செயலாக வாய்த்தவை சற்று அதிகமாகப் பிழைத்து, சற்று அதிகமாக வாரிசுகளை விட்டுச் செல்கின்றன. பல தலைமுறை கழிந்ததும் அந்தக் குணமே இனம் முழுவதும் பரவிவிடுகிறது. இதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயர். உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வந்ததற்கு, அதாவது பரிணாமத்துக்கு, இது முக்கியமான காரணம்.

இது பல லட்சம் ஆண்டுகளில் மட்டும் நடக்கும் சங்கதி அன்று. தலைமுறை குறுகியதாகவும், பொறுக்குதல் கடுமையாகவும் இருந்தால் சில ஆண்டுகளிலேயே நடந்துவிடும். புகையானுக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம்தான். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வயலில் தெளிக்கும் நஞ்சைவிடக் கடுமையான பொறுக்குதல் வேறு இல்லை.

ஒரு கணக்கு

மருந்து எவ்வாறு பலிக்காமல் போகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். இவை புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் மட்டுமே.

ஒரு வயலில் 10,000 புகையான் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 10 மட்டும் பிறவியிலேயே குறிப்பிட்ட நஞ்சைத் தாங்கக் கூடியவை. மருந்து தெளித்தால் சாதாரணப் பூச்சிகளில் நூற்றுக்கு 95 சாகும். தாங்கும் பூச்சிகளில் நூற்றுக்கு 20 மட்டுமே சாகும்.

முதல் தெளிப்புக்குப் பின் சாதாரணப் பூச்சி சுமார் 500, தாங்கும் பூச்சி 8, ஆக மொத்தம் 508 மிஞ்சும். வயல் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். மிஞ்சியவை அடுத்த தலைமுறையில் 20 மடங்கு பெருகுகின்றன. மீண்டும் அதே மருந்து தெளிக்கப்படுகிறது. இப்போது சாதாரணப் பூச்சி 500, தாங்கும் பூச்சி 128, ஆக மொத்தம் 628 மிஞ்சும். இந்த முறையும் மருந்து நன்றாகக் கேட்டதாகவே தோன்றும்.

மீண்டும் 20 மடங்கு பெருகி, மூன்றாம் முறையும் அதே மருந்தைத் தெளித்தால், சாதாரணப் பூச்சி 500, தாங்கும் பூச்சி 2,048 என மொத்தம் 2,548 மிஞ்சும். ஐந்தில் நான்கு பூச்சி நஞ்சைத் தாங்குபவை. தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தவை இவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மருந்து கேட்காமல் போவது விவசாயிக்குத் திடீரென்று நேர்ந்ததாகத் தோன்றுகிறது. உண்மையில் நன்றாகக் கேட்ட முதல் இரண்டு தெளிப்புகளிலேயே வேலை நடந்து முடிந்துவிட்டது. எந்தத் தனிப் பூச்சியும் மருந்துக்குப் பழகவில்லை. பழகாதவை செத்தன, முன்பே தாங்கக் கூடியவையாக இருந்தவை மிஞ்சின. விதைக்குக் கதிர் பொறுக்குவது போல, மருந்து தெளித்தவர் தம்மை அறியாமலே பூச்சியைப் பொறுக்கி வளர்த்துவிட்டார்.

மூன்றாம் முறை பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டித் தெளித்தால், இன்னும் அதிகம் தாங்குபவை பொறுக்கப்படும். செலவும் ஏறும்.

உண்மையில் நடந்தது

இமிடாகுளோபிரிட் என்ற மருந்து 1990-களில் நெல்லுக்கு வந்தபோது புகையானை நன்றாகக் கட்டுப்படுத்தியது. ஆசிய நாடுகள் பலவற்றில் இதையே திரும்பத் திரும்பத் தெளித்தனர். 2000-ஆம் ஆண்டுகளின் நடுவில் பல நாடுகளில் அது பலிக்காமல் போயிற்று. இந்தியாவிலும் இம்மருந்தைத் தாங்கும் புகையான் காணப்பட்டுள்ளது. தாங்கும் பூச்சிகளின் உடலில், நஞ்சைச் சிதைக்கும் ஒருவகை நொதி மிகுதியாகச் சுரப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர்.

பருத்தியிலும் இதே பாடம் கிடைத்தது. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002-ல் அனுமதி வழங்கப்பட்டது. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகைப் பி.டி. பருத்தியைத் தாங்கத் தொடங்கிவிட்டது என்பது 2010-ல் அறிவிக்கப்பட்டது. வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியைச் சில வரிசை பயிரிட வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் கடைப்பிடிக்கவில்லை. அந்த வரிசைகளில் நஞ்சைத் தாங்காத புழுக்கள் பிழைத்திருந்து, தாங்குபவற்றோடு கலக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனையின் நோக்கம்.

எதிர்ப்பு ரகமும் பொறுக்கும்

மருந்து வேண்டாம், புகையானைத் தாங்கும் நெல் ரகம் ஒன்று போதும் என்று எண்ணலாம். அதிலும் எச்சரிக்கை தேவை.

புகையான் எதிர்ப்புக் குணம் தரும் மரபணு ஒன்று, திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்து ரகமான ஏ.எஸ்.டி.7-ல் 1970-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. திரூர்க்குப்பத்து டி.கே.எம்.6 ரகத்தின் கதை இன்னும் வியப்பானது. அது தானே புகையானுக்கு இரையாகும் ரகம். ஆனால் அதனுள் வேறோர் எதிர்ப்பு மரபணு வெளியே தெரியாமல் அடங்கிக் கிடந்தது. ஐ.ஆர்.24 ரகத்துடன் அதை ஒட்டுச் சேர்த்தபோது, வாரிசுகளில் சிலவற்றில் எதிர்ப்புக் குணம் வெளிப்பட்டது. அவ்வாறு வந்த ஐ.ஆர்.26 ரகம் 1973-ல் வெளியிடப்பட்டது.

பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் ஐ.ஆர்.26 பெரும்பரப்பில் பரவியது. புகையான் அண்டவில்லை. ஆனால் அந்தப் பயிரிலும் உயிர் வாழக் கூடிய புகையான் கூட்டத்தில் எங்கோ சில இருந்தன. எங்கும் ஒரே ரகம் நின்றதால் அவற்றின் வாரிசுகளுக்கு மட்டுமே வாழ்வு கிடைத்தது. 1976, 1977-ஆம் ஆண்டுகளில் ஐ.ஆர்.26 வயல்களும் புகைந்தன. அதற்குப் பதிலாக ஏ.எஸ்.டி.7-ல் இருந்த அதே எதிர்ப்பு மரபணுவைக் கொண்ட ஐ.ஆர்.36 பரப்பப்பட்டது. அது பல ஆண்டுகள் தாக்குப் பிடித்தது. எனினும் 1980-களின் தொடக்கத்தில் வடக்குச் சுமத்ராவில் அதையும் புகையான் தாக்கியது.

இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள புகையானோ தொடக்கத்திலேயே ஐ.ஆர்.26-ஐத் தாக்கியது. ஊருக்கு ஊர் நெல் வேறுபடுவது போல், ஊருக்கு ஊர் பூச்சியும் வேறுபடும். ஓரிடத்தில் நன்றாக நின்ற ரகம் மற்றோரிடத்திலும் நிற்கும் என்று சொல்ல இயலாது. கேரளத்துப் பட்டாம்பி நிலையத்தின் பி.டி.பி.33 ரகம் பல நாடுகளில் தாக்குப் பிடிப்பதற்கு, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்கள் இருப்பதே காரணம். ஒரு பூட்டைத் திறக்கும் பூச்சி கிடைக்கலாம். ஒரே சமயத்தில் பல பூட்டுகளைத் திறக்கும் பூச்சி அரிது.

சிலந்தி பாகுபாடு பார்ப்பதில்லை

வயலில் வேட்டைச் சிலந்திகள் புகையானைப் பிடித்துத் தின்கின்றன. மிரிட் நாவாய்ப்பூச்சிகள் அதன் முட்டைகளை உறிஞ்சி அழிக்கின்றன. இவை, இந்தப் பூச்சி மருந்தைத் தாங்குமா, தாங்காதா என்று பார்த்துத் தின்பதில்லை. இரண்டையும் ஒன்றாகவே தின்கின்றன. எனவே சிலந்தி எத்தனை புகையானைக் கொன்றாலும், அதனால் மருந்தைத் தாங்கும் பூச்சியின் பங்கு கூடுவதில்லை. மருந்துக்கும் சிலந்திக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

கண்டபடி மருந்து அடிக்கும்போது சிலந்திதான் முதலில் அழிகிறது. புகையான் முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவை பொரித்து வரும்போது வயலில் காவல் இல்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை நெல்லில் தெளித்த பிறகு புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தோனேசிய அரசு இதை உணர்ந்து, 1986-ல் 57 வகைப் பூச்சி மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. மருந்துக்கு அளித்து வந்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்க்க விவசாயிகளுக்குப் பயிற்சி அளித்தது. மருந்து குறைந்ததால் நெல் விளைச்சல் குறைந்துவிடவில்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. எண்ணிப் பார்த்த பிறகே மருந்து. வாரம் ஒரு முறை வயலில் இறங்கி, குத்துகளை விலக்கி, தூரின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்ற அளவை எட்டினால் மருந்து பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம்.

2. ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து தெளிக்கக் கூடாது. கடையில் பெயர் மாறுவதால் மருந்து மாறிவிடாது. டப்பாவில் வியாபாரப் பெயருக்குக் கீழே உள்ள மூலப்பொருளின் பெயரைப் படிக்க வேண்டும். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், டைனோடெஃபுரான் மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றைத் தாங்கும் பூச்சி மற்றதையும் தாங்கக் கூடும். அடுத்த தெளிப்பு தேவைப்பட்டால் வேறு இனத்து மருந்தை வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். நஞ்சைத் தாங்கும் பூச்சிகள் பல சமயங்களில் இனப்பெருக்கத்தில் சற்றுப் பின்தங்கியவை. அந்த நஞ்சைச் சில காலம் நிறுத்தினால் அவற்றின் பங்கு குறைய வாய்ப்புண்டு.

3. பரிந்துரைத்த அளவே தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று மருந்துகளைத் தாமாகக் கலந்து தெளிப்பது தவறு. தெளிக்கும் முன் வயல் நீரை வடித்து, மருந்து தூரின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். இலைமேல் தெளித்த மருந்து புகையானைச் சேராது; சிலந்தியைத்தான் கொல்லும்.

4. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்கு முறையாகப் பிரித்து இட வேண்டும். தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாக நிற்கும் பயிரில் புகையான் வேகமாகப் பெருகும்.

5. நடவு செய்யும்போது எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி விட வேண்டும். காற்றும் வெளிச்சமும் தூருக்குள் புகும். மருந்து தெளிக்கவும் வசதியாகும். தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்ட வேண்டும். இம்முறைகள் பூச்சியின் பெருக்கத்தைக் குறைக்கின்றன. மருந்தைத் தாங்கும் பூச்சியும் இதில் தப்புவதில்லை.

6. ஏரியின் ஆயக்கட்டு முழுவதும் ஒரே ரகத்தைப் பல பட்டங்கள் தொடர்ந்து பயிரிடக் கூடாது. எதிர்ப்பு ரகமானாலும் மாற்றிப் பயிரிட வேண்டும். அவ்வட்டாரத்தில் எந்த ரகம் இப்போது தாங்குகிறது என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அறியலாம்.

7. ஆயக்கட்டு விவசாயிகள் கூடிப் பேசி ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடவு செய்து, ஒரே சமயத்தில் அறுவடை செய்தால், இடையில் புகையானுக்குத் தீனி இல்லாத நாட்கள் கிடைக்கும். மருந்தைத் தாங்கும் பூச்சி வரப்போடு நிற்பதில்லை. கூட்டம் நெருங்கியதும் நீண்ட இறக்கை உள்ள பூச்சிகள் தோன்றிப் பறந்து செல்லும். ஆகையால் ஒருவர் வயலில் பொறுக்கி வளர்த்த பூச்சி மற்றவர் வயலுக்கும் வந்து சேரும்.

8. அறுவடைக்கு முன் வயலில் நடந்து பார்க்கும்போது, மற்றவை சாய்ந்தும் காய்ந்தும் கிடக்கையில் நிமிர்ந்து நிற்கும் தனிச் செடி தென்பட்டால், அதன் கதிரைத் தனியே அறுத்து வைத்து, அடுத்த பட்டத்தில் ஒரு மூலையில் விதைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் அது மண்வளத்தாலோ நீர்வசதியாலோ நேர்ந்த வேற்றுமையாக இருக்கும். அந்தக் குணம் விதையோடு இறங்கினால் வேளாண்மை அலுவலரிடம் காட்ட வேண்டும். ஜி.இ.பி.24 அப்படித் தனித்து நின்ற செடியின் வழி வந்ததே ஆகும்.

புகையானை முற்றிலும் ஒழிக்கும் மருந்து இதுவரை வந்ததில்லை. எந்தப் புதிய மருந்து வந்தாலும், அதைத் தாங்கும் பூச்சிகள் சில வயலில் ஏற்கனவே இருக்கக் கூடும். அவற்றைப் பெருக விடுவதும், பெருகாமல் வைப்பதும் மருந்தைப் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. மருந்துக் கைத்தெளிப்பானை எடுக்கும் முன் தூரைப் பிரித்துப் பார்த்து எண்ணுவதற்கு அரை மணி நேரம் செலவிட்டால், பணமும் மிஞ்சும். உண்மையிலேயே தேவைப்படும் சமயத்தில் மருந்தும் கேட்கும்.